பதினெட்டு நிறைந்து இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கு: பிற்காப்பு உதவி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இராயபுரம், கெல்லீஸ் ஆகிய இடங்களிலுள்ள அரசு இல்லங்களிலும், நகரெங்கும் பரவியுள்ள பதிவு பெற்ற தனியார் இல்லங்களிலும் வளர்ந்து, 18 வயது நிறைவதையொட்டி வெளியேற இருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய காப்பாளர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பிள்ளைகள் 'ஹோம்' என்பார்கள். கோப்புகளில் 'குழந்தைகள் பராமரிப்பு நிறுவனம்' என்றிருக்கும். அங்கிருந்து வெளியேறிய பிறகு கிடைக்க வேண்டிய உதவிக்குப் 'பிற்காப்பு' என்று பெயர். இந்தப் பெயர் தெரியாத காரணத்தாலேயே கேட்காமல் போனவர்கள் பலர். அலுவலகத்தில் "ஏதாவது உதவி கிடைக்குமா?" என்று கேட்பதற்கும், "பிற்காப்பு கோரி விண்ணப்பிக்க வந்திருக்கிறேன்" என்று சொல்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது.

பிற்காப்பு என்பது உரிமையா, சலுகையா?

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் பிரிவு 2(5), 18 வயது நிறைந்து 21 நிறையாத, நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறியவருக்குப் பணமாகவோ வேறு வகையிலோ தரப்படும் ஆதரவே பிற்காப்பு என்று வரையறுக்கிறது. பிரிவு 46, 18 வயது நிறைவில் இல்லத்தை விட்டுச் செல்பவருக்கு, அவர் சமூகத்தில் இணைந்து வாழ்வதற்கு ஏதுவாக நிதியுதவி வழங்கலாம் என்கிறது.

'வழங்க வேண்டும்' என்றில்லாமல் 'வழங்கலாம்' என்றிருப்பதைக் கவனியுங்கள். எல்லாச் சிக்கலும் அந்த ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. ஆனால், அதைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பிவிட முடியாது. ஏனெனில், சட்டத்தின் கீழ் 2016-இல் வெளியான மாதிரி விதிகளின் 25ஆம் விதி, வெளியேறுபவர்களின் கல்வி, தொழில்திறன், வேலைவாய்ப்பு, தங்குமிடம் ஆகியவற்றுக்கான திட்டம் ஒன்றை மாநில அரசு வகுத்தாக வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது குறித்து 2007-இல் தொடங்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே 5 அன்று அளித்த தீர்ப்பும், இல்லத்திலுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் (அந்தப் பிள்ளையின் தேவைகளையும் விருப்பங்களையும் எழுதிவைக்கும் கோப்பு) இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆக, இதைத் தானாக வந்து சேரும் தொகையாக எண்ணாமல், எழுத்துமூலம் கேட்டுப் பெற வேண்டிய உதவியாகக் கருதுவதே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் மாகாணம் சென்னை மாகாணமே, ஆண்டு 1920. நூறாண்டு கடந்த பிறகும் இந்தக் கேள்வியை எழுப்ப வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

எந்த வயது வரை கிடைக்கும்?

பொதுவாக 21 வயது நிறையும் வரை. விதிவிலக்கான சூழ்நிலைகளில் மேலும் இரண்டு ஆண்டுகள், அதாவது 23 வயது வரை நீட்டிக்க விதி இடம் தருகிறது. நான்காண்டுப் பொறியியல் படிப்பில் 18 வயதில் சேர்ந்தவர் 21-இல் இறுதியாண்டுக்குள்தான் நுழைந்திருப்பார். அத்தகையவர் நீட்டிப்பை முன்கூட்டியே கோர வேண்டும். இங்கிலாந்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, இப்படி வெளியேறுபவர் விரும்பினால் 25 வயது வரை அவருக்கென ஓர் ஆலோசகர் இருப்பார். நம் ஊரில் பெற்றோருடன் வாழும் பிள்ளையே 25 வயது வரை வீட்டுச் சாப்பாட்டில் இருக்கும்போது, இவர்களுக்கு மட்டும் 21 என்பது குறைவுதான்.

மாதம் எவ்வளவு தருகிறார்கள்? அதை வைத்துச் சென்னையில் வாழ முடியுமா?

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளின்படி பிற்காப்புக்கான தொகை ஒருவருக்கு மாதம் ரூ.4,000. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநில அரசின் பங்கு 40 விழுக்காடு. பிற்காப்புத் தொகை பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தப்பட வேண்டும் என்கிறது மாதிரி விதி. காப்பாளர் வழியாகவோ உறவினர் வழியாகவோ பெற வேண்டியதில்லை.

இந்தத் தொகையில் மட்டும் சென்னையில் வாடகையும் கொடுத்து, மூன்று வேளையும் சாப்பிட்டு, பேருந்துக் கட்டணமும் செலுத்த முடியாது. அதைத் தெரிந்துகொண்டே திட்டமிடுங்கள். ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் தரும் அம்மா உணவகமும், பெண்களுக்கு நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணமும் இந்த 4,000 ரூபாயை நீட்டித்துத் தரும் துணைகள். இவற்றைப் பயன்படுத்துவதில் கூச்சப்பட எதுவுமில்லை.

பணம் பிற்காப்பின் ஒரு பகுதி மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழுக் குடியிருப்பு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, உயர்கல்விக்கான உதவி, மன ஆலோசகர், சுயதொழில் தொடங்கக் கடன் ஏற்பாடு ஆகியவையும் 25ஆம் விதியில் சொல்லப்பட்டிருக்கின்றன. பலரும் ரூ.4,000-ஐ மட்டும் கேட்டுவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள்.

விண்ணப்பிக்கும் வேலையை எப்போது தொடங்க வேண்டும்?

விதியின்படி, பிள்ளை வெளியேறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே நன்னடத்தை அலுவலரோ குழந்தைநல அலுவலரோ சமூகப் பணியாளரோ, வெளியேறிய பின் என்ன செய்வது என்பதற்கான திட்டம் ஒன்றைத் தயாரித்து, பிற்காப்புக்குப் பரிந்துரைத்து, குழந்தைகள் நலக் குழுவிடமோ (பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகள் குறித்து ஆணையிடும் குழு) இளைஞர் நீதிக் குழுமத்திடமோ (சிறார் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) அளித்திருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு அதை நடைமுறைப்படுத்தும். மாநில அளவில் இதற்குப் பொறுப்பான குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறையின் தலைமையகம் கெல்லீஸில், புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் உள்ளது. பழைய ஆட்கள் 'சமூகப் பாதுகாப்புத் துறை' என்று சொன்னால் அது இதே அலுவலகம்தான்.

இரண்டு மாதம் என்பது காகிதத்துக்குச் சரி. நடைமுறையில் 16 வயதிலேயே தொடங்கிவிடுங்கள் என்பேன். பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் பிள்ளையை உட்காரவைத்து, தனிநபர் பராமரிப்புத் திட்டத்தைக் கையில் கொடுத்து, அதில் எழுதியிருப்பது உண்மையிலேயே அவர் விருப்பமா என்று கேட்க வேண்டும். 'தையல்' என்றோ 'கம்ப்யூட்டர்' என்றோ எல்லாருக்கும் ஒரே சொல்லை நிரப்பியிருக்கும் கோப்புகளைக் கண்டிருக்கிறேன். பிற்காப்புப் பரிந்துரை அந்தக் கோப்பை அடிப்படையாகக் கொண்டே எழுதப்படுகிறது. கோப்பில் தையல் என்றிருக்க, பிள்ளை நர்சிங் படிக்க உதவி கேட்டால் கேள்வி எழத்தானே செய்யும்?

இன்னொன்று. பிறந்த நாள் கல்வியாண்டின் நடுவில் வந்தால், உதாரணமாகப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு 18 நிறைந்தால், அந்த ஆண்டு முடியும் வரை தங்க அனுமதிக்கும்படி குழுவிடம் எழுத்தில் கோருங்கள். வாய்மொழி உறுதியை நம்பி இருந்துவிடாதீர்கள்.

என்னென்ன ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். இல்லத்திலிருந்து வெளியேறும் பிள்ளையிடம் பெட்டியும் துணியும் இருக்கும். காகிதங்கள் இல்லத்தின் இரும்பு அலமாரியில் இருக்கும்.

ஆதாரில் மூன்று விவரங்களைப் பாருங்கள். 15 வயதுக்குப் பிறகு கைரேகையும் கருவிழியும் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றனவா, முகவரி இல்லத்தின் முகவரியாகவே உள்ளதா, இணைக்கப்பட்ட கைபேசி எண் யாருடையது? பெரும்பாலும் அது காப்பாளரின் எண்ணாகவோ முன்பு பணியாற்றிய ஊழியரின் எண்ணாகவோ இருக்கும். கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போயிருப்பார். ஆகவே சொந்த சிம் வாங்கிய அன்றே ஆதார் சேவை மையத்துக்குச் சென்று எண்ணை மாற்றிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்க வேண்டும். காப்பாளருடன் கூட்டாகத் தொடங்கிய சிறார் கணக்கானால், 18 நிறைந்ததும் கேஒய்சி எனப்படும் அடையாளச் சரிபார்ப்புப் படிவம் கொடுத்துத் தனிக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள். உதவித்தொகைகள் ஆதார் இணைக்கப்பட்ட கணக்குக்கே செல்கின்றன. இரண்டு கணக்கு இருந்தால் எது இணைக்கப்பட்டது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் பலரிடம் இருக்காது. அவர்களுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். அதன் மூலச் சான்றை உயிரைப்போல் காத்துக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லையென்றாலும் வழி உண்டு. 2016 டிசம்பரில் கடவுச்சீட்டு விதிகள் தளர்த்தப்பட்டபோது, பிறந்த தேதிக்கு வேறு சான்று இல்லாத ஆதரவற்றோருக்கு, இல்லத் தலைவர் தம் அலுவலகத் தாளில் பிறந்த தேதியை உறுதிசெய்து தரும் கடிதமே போதும் என்று ஏற்கப்பட்டது.

இவற்றோடு, நீங்கள் எந்த நாளில் இல்லத்தில் சேர்க்கப்பட்டீர்கள், எந்த நாளில் வெளியேறினீர்கள் என்று குறிப்பிடும் குழந்தைகள் நலக் குழுவின் ஆணைகளின் நகல்களையும் கேட்டு வாங்குங்கள். நீங்கள் இல்லத்தில் வளர்ந்தவர் என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடையாது. பிற்பாடு கேட்டால் கோப்பு கிடைக்கவில்லை என்ற பதில் வரக்கூடும்.

என் சாதி எனக்குத் தெரியாது. சாதிச் சான்றிதழ் பெற முடியுமா?

முடியும், இதைப் பலர் அறிந்திருக்கவில்லை. தமிழ்நாடு அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவு உள்ளது. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து ஆதரவற்றவராகி, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனித்துக்கொள்ள வேறு யாரும் இன்றி, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ அனாதை இல்லத்திலோ சேர்க்கப்பட்டவர் அந்தப் பிரிவில் வருவார். பெற்றோரின் சாதி ஆவணங்களில் தெளிவாக இருந்தால் அதன்படியே சான்றிதழ் கேட்க வேண்டும். விண்ணப்பம் இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்லும். இல்லத்தின் சான்றையும் குழுவின் ஆணையையும் இணைத்துக் கொடுங்கள். மகாராஷ்டிரம் 2018-இல் ஆதரவற்றோருக்கு ஒரு விழுக்காடு தனி ஒதுக்கீடு அளித்தபோது அது செய்தியானது. நம் மாநிலப் பட்டியலிலுள்ள இந்த வரியைப் பற்றிப் பேசுவார் குறைவு.

எங்கே தங்குவது?

பெண்களுக்கு வேலூரில் அரசினர் பிற்காப்பு இல்லம் உள்ளது. ஆனால் சென்னையில் கல்லூரியிலோ வேலையிலோ சேர்ந்த பெண்ணுக்கு அது உதவாது. வேலைக்குச் செல்லும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகள் அடையாறு, தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் உள்ளன. படிப்பவர்களுக்கு, சாதிச் சான்றிதழ் கையில் இருந்தால், ஆதிதிராவிடர் நலத்துறை அல்லது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கட்டணமில்லாக் கல்லூரி விடுதிகள் முதல் தேர்வாக இருக்க வேண்டும். முந்தைய கேள்விக்கு இவ்வளவு நீளமாக விடை சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். விடுமுறை நாள்களில் விடுதி மூடப்படுமா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். மற்றவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது உங்களுக்குப் போவதற்கு இடம் வேண்டும்.

ஆண்கள் பெரும்பாலும் திருவல்லிக்கேணி மேன்ஷன்களிலோ, நண்பர்களுடன் பகிர்ந்த அறைகளிலோதான் தொடங்குகிறார்கள். வீடு எடுத்தால், 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. பத்து மாத முன்பணம் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 'ஒப்புக்கொண்டால்' என்ற அந்த ஓட்டையின் வழியாக அது இன்னும் தொடர்கிறது. பேரம் பேசும்போது சட்டத்தைத் தெரிந்தவராகவாவது பேசலாம்.

கல்லூரிப் படிப்புக்கு வேறு உதவிகள் உண்டா?

6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கும், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட திட்டம் இது. ஆண் மாணவர்களுக்கான இதேபோன்ற திட்டமான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். இல்லத்துப் பிள்ளைகள் பலர் உதவிபெறும் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள் என்பதால் அந்த விரிவாக்கம் அவர்களுக்கு மிகவும் முக்கியம்.

ஆனால் மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டுமே உரியது. அதில் சேருவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இல்லத்துக்கு அருகில் இருக்கிறதே என்று ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்த்தோம் என்பது, ஏழாண்டுகளுக்குப் பிறகு இப்படி வந்து நிற்கும். காப்பாளர்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

கல்லூரி வேண்டாம், சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும்.

அப்படியானால் கிண்டி, அம்பத்தூர் போன்ற இடங்களிலுள்ள அரசு ஐடிஐ, அதாவது அரசு தொழிற்பயிற்சி நிலையம். பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் ரூ.750 உதவித்தொகையும் இலவசப் பேருந்து அட்டையும் உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் தொகையும் ஐடிஐ மாணவர்களுக்குப் பொருந்தும். மாதம் சில ஆயிரம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று 18 வயதில் நேராக ஜவுளிக்கடை வேலைக்குச் செல்வதைவிட இது நல்லது. கடை தங்குமிடம் தருகிறது என்பதுதான் ஈர்ப்பு. வேலை போனால் அன்றே தங்குமிடமும் போய்விடும்.

குற்ற வழக்கில் சிக்கிய சிறாரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலோ சிறப்பு இல்லத்திலோ இருந்தவருக்கும் பிற்காப்பு உண்டா? அந்தப் பதிவு வேலையைப் பாதிக்குமா?

பிற்காப்பு அவர்களுக்கும் பொருந்தும். இவர்கள் விஷயத்தில் ஆணை இளைஞர் நீதிக் குழுமத்திடமிருந்து வரும். சட்டத்தின் பிரிவு 24, சிறார் பருவத்துக் குற்றத்தினால் ஏற்படும் தகுதியிழப்பு எதுவும் அவர்களைத் தொடராது என்றும், உரிய காலத்துக்குப் பின் பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. 16 வயதுக்கு மேற்பட்டு, கொடுங்குற்றத்துக்காகக் குழந்தைகள் நீதிமன்றத்தால் வயதுவந்தோரைப் போல் விசாரிக்கப்பட்டவர்கள் மட்டும் இதற்கு விலக்கு. வழக்கு நிலுவையில் இருந்தாலும் முடிந்திருந்தாலும், நன்னடத்தைச் சான்றுக்காகக் கூடக் காவல்துறை அந்தப் பதிவை வெளியிடக் கூடாது என்று பிரிவு 74 சொல்கிறது.

17 வயதில் என்னை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவைக்க ஏற்பாடு நடக்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

உறவு உண்மையானதாகவும் பாதுகாப்பானதாகவும் இருந்தால் குடும்பத்தைவிடச் சிறந்தது எதுவுமில்லை. ஆனால் பிரிவு 46, 18 வயது நிறைவில் இல்லத்தை விட்டுச் செல்பவரைப் பற்றியே பேசுகிறது என்பதை அறிந்து முடிவெடுங்கள். சில மாதங்களுக்கு முன்பே 'குடும்பத்துடன் சேர்க்கப்பட்டார்' என்று கோப்பு முடிக்கப்பட்டால், பின்னர் பிற்காப்பு கேட்கும்போது அந்த வரி குறுக்கே நிற்கும். உங்கள் விருப்பத்தைக் குழுவின் முன் நேரில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னதைப் பதிவுசெய்யும்படியும் கேளுங்கள்.

கொரோனாவில் பெற்றோரை இழந்தேன். என் பெயரிலுள்ள வைப்புத்தொகை என்னவாகும்?

இருவரையும் இழந்தவர்களின் பெயரில் தமிழ்நாடு அரசு 2021-இல் செலுத்திய ரூ.5 லட்சம், 18 வயது நிறைந்ததும் வட்டியுடன் அவர்களுக்கே சேரும். பிஎம் கேர்ஸ் திட்டத்தில் சேர்க்கப்பட்டவர்களுக்கு 18 முதல் 23 வயது வரை மாத உதவித்தொகையும், 23-இல் ரூ.10 லட்சமும் உண்டு. தொகை வரும் நாள் நெருங்கும்போது, அதுவரை காணாத சித்தப்பாக்களும் மாமாக்களும் முளைப்பார்கள். கையெழுத்துக் கேட்டு யார் எதை நீட்டினாலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

எனக்கு இப்போது 20 வயது. வெளியேறும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. இனியும் கேட்கலாமா?

கேட்கலாம். 21 நிறையாத வரை நீங்கள் சட்டத்தின் வரையறைக்குள்தான் இருக்கிறீர்கள். சென்னை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும், இல்லத்தின் பெயர், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, இப்போதைய படிப்பு அல்லது வேலை, வேண்டிய உதவி ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு பக்க மனு எழுதுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவின் நிலையைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

குழு மறுத்தால், பிற்காப்பு தொடர்பான முடிவுகளுக்கு மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம்தான் என்று பிரிவு 101 சொல்கிறது. நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. இராஜாஜி சாலையில் சிங்காரவேலர் மாளிகையிலுள்ள ஆட்சியர் அலுவலகத்தில் அதை அளிக்க வேண்டும். காலக்கெடு ஆணையின் தேதியிலிருந்து 30 நாள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் அதன் பிறகும் ஏற்கலாம். எனவே மறுப்பை வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் திரும்பிவிடாமல், அதை எழுத்தில் தரும்படி அங்கேயே கேளுங்கள். தேதியிட்ட ஆணை கையில் இல்லையென்றால் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறீர்கள் என்பதையே ஆட்சியரிடம் காட்ட முடியாமல் போகும்.